சுவரோரம் வழிவிட்ட கார்

தலைமையேற்று வீற்றிருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே, தாளில் கோடாகக் கிடந்த காரைத் தரையில் ஓடவிட்ட பொறியாளர் பெருமக்களே, பட்டறையின் மூத்தோரே, பிள்ளைகள் வேலை பார்க்கும் இடத்தைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, இந்தப் பின் சீட்டுக்காரனின் பணிவான வணக்கம் அனைவருக்கும்.

என் வேலை என்ன? தங்கை மகன் காரை ஓட்டுவான். நான் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். கண் திறந்திருந்தால் அழகு ஏமாற்றிவிடும். மூடினால் முதுகு உண்மையைச் சொல்லும். என்ன, பின்வரிசைத் தம்பி, தூங்குவேன் என்கிறாயா? பழைய மாடலில் அதற்கும் வழியில்லை, அப்பா. கூரை தலையில் குட்டிக்கொண்டே வரும்.

புது செடான் கார் எப்படி? மூக்கு தாழ்ந்திருக்கிறது, முதுகு நீண்டிருக்கிறது, இருக்கை இதமாக இருக்கிறது. வளைவில் வழுக்கவில்லை, வேகத்தில் விம்மவில்லை, பள்ளத்தில் பதறவில்லை. பாராட்டுகிறேன், வாயாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்று என்னிடம் நீங்கள் கேட்பது பாராட்டா? விற்பனைக்கு விடலாமா, கூடாதா? அந்த ஒரு பதிலைத்தானே?

சோதனைச் சாலையின் கடைசி வளைவு. பக்கத்தில் வெறும் சுவர். அங்கே கார் வேகம் தணிந்தது, மெல்ல ஒதுங்கியது, பிறகு போனது.

"அழகா வழிவிட்டே மாப்ளே. யாரு அங்க?" என்றேன்.

"மாமா, நான் பிரேக்கத் தொடவே இல்ல. அங்க யாரும் இல்ல."

எதிரே ஆளைக் கண்டால் காரைத் தானாகத் தணித்து ஒதுக்கும் சென்சாரை மாற்றினார்கள், ஒதுங்கியது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், ஒதுங்கியது. உச்சி வெயிலில், நிழலே இல்லாத நேரத்தில் ஓட்டினோம், அப்போதும் ஒதுங்கியது. ஆளில்லாத இடத்துக்கு அத்தனை மரியாதை. கண்ணை மூடியிருந்த எனக்கு முதுகு சில்லிட்டது.

வெளியீட்டு நாள் நெருங்கவே, சென்சாரின் கூர்மையைக் குறைத்தார்கள். கார் அந்த இடத்தில் தணியாமல் பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நெசமான ஆளுக்காவது ஒதுங்குதான்னு பாப்போம். நான் போய் அங்க நிக்கிறேன். நீ பிரேக்க மிதிக்காம மெதுவா வா," என்றேன் மருமகனிடம்.

"வெளையாடாதீங்க மாமா. உங்களுக்கு ஏதாவதுன்னா அம்மா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க."

சுவரிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்றேன். கார் வந்தது. தணியவில்லை. ஒதுங்கவில்லை. அவன் பதறி பிரேக்கை மிதிப்பதற்குள் கண்முன்னே வந்துவிட்டது. என் கால் நகரவில்லை.

அப்போது, சபையோரே, என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பற்றி இழுத்தார்கள். சுவரோடு ஒட்டினேன். கார் உரசாமல் கடந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். வேறொன்றும் இல்லை. சட்டையின் பின்பக்கம் மட்டும் ஒரு பிடி அளவுக்குக் கசங்கியிருந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உயிரோடு நின்ற எனக்கு நிற்காத கார், தெருவில் யாருக்கு நிற்கும்? உங்கள் பிள்ளைக்கு நிற்குமா? உங்கள் தாய்க்கு நிற்குமா? விடக் கூடாது என்பதே என் பதில். அந்தக் கூர்மையைக் காருக்குத் திருப்பிக் கொடுங்கள். வெறும் இடத்தில் தயங்கினால் தயங்கட்டும்! வெளியீடு தள்ளினால் தள்ளட்டும்! என்னைப் பிடித்து இழுத்த கைக்கு இந்தக் கார் என்றென்றும் வழிவிடட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், அங்கே சுவரோரம் நிற்பவருக்கும் என் நன்றி, வணக்கம்.