வம்மியடிக் குளக்கட்டில் கேட்ட குரல்

அளவற்ற அருளாளனின் திருப்பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஏர் பிடித்த கைகளுக்கும் ஏடு பிடித்த கைகளுக்கும் ஒரே மேடை அமைத்துத் தந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் விவசாயப் போதனாசிரியர் நல்லரெத்தினம் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேன்மக்களே! சாய்ந்தமருதிலிருந்தும் காரைதீவிலிருந்தும் நனைந்த குடைகளோடு நடந்து வந்திருக்கும் உழவர் பெருமக்களே! வம்மியடிக் குளத்து வயல்வெளியாம் வட்டையின் நிலமுடைய போடிமாரே, தண்ணீர் பங்கிடும் விதானையாரே! திரைக்கு அப்பால் அமர்ந்து, பிள்ளைகள் பேசப் பேச உதடசைத்துக் கொண்டிருந்த தாய்மாரே! நாளைய நெல்லையும் நாளைய சொல்லையும் விதைக்கப் போகும் விவசாய மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

இந்தப் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தீர்கள். "வெள்ளமும் விவசாயியும்" என்று தலைப்புத் தந்தீர்கள். மாணவர்கள் பேசினார்களா? பேசினார்கள்! பொங்கிப் பேசினார்கள், பொரிந்து பேசினார்கள். தம்பி மர்சூக் மேசையில் ஓங்கித் தட்டியதில் தலைவருடைய தண்ணீர்க் கிளாஸ் சரிந்து, உண்மையாகவே ஒரு வெள்ளம் வந்தது. சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க முடியாமல் போகும்.

முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் எது? கலந்தர் மகன் மசூர். தலைவர் ஒருமுறை அழைத்தார். மறுமுறை அழைத்தார். மாணவர் வரிசையில் இருந்த மசூர் தலையைக் குனிந்துகொண்டார், எழும்பவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், "ஆளைச் சாகக் குடுத்தவனுக்கு என்ன பேச்சு?" என்று. மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் மேடைவரை வந்தது. அந்த நொடியே புள்ளி போடுகிற பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கப் போவதில்லை.

என்ன சொல்கிறீர்கள்? போட்டியைப் பற்றிக் கதைக்கவா? ஐயா, போட்டியைப் பற்றித்தான் கதைக்கிறேன். சற்றுப் பொறுங்கள்.

போன மாரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வம்மியடிக் குளம் உடைந்தது. கதிர் தள்ளக் காத்திருந்த குடலை நெல் சேற்றுக்குள் போனது. காரைதீவுச் சாமித்தம்பி அண்ணனின் உயிரும் போனது. வட்டைக் கூட்டம் கூடியது. குளக்கட்டில் நின்றவன் மசூர், அவன் கூப்பாடு போடவில்லை, ஒரு மனிதனை வெள்ளத்தில் விட்டுவிட்டு ஓடினான் என்று அங்கே முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஊரில் நிமிர்ந்து நடந்ததில்லை. விவசாயப் படிப்பை விட்டுவிட்டு ஊரைவிட்டே போகப் போகிறார் என்று கேள்விப்படுகிறேன். போனால் என்ன பெயரோடு போவார்? கொலைகாரன் என்ற பெயரோடுதானே போவார்?

அதனால் கேட்கிறேன். உண்மையிலேயே அவர் கூப்பாடு போடவில்லையா?

சென்ற வருடமும் இதே போட்டி, இதே தலைப்பு. பேச்சைப் பாடமாக்க மசூர் தேர்ந்தெடுத்த இடம் வம்மியடிக் குளக்கட்டு. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கட்டில் ஏறி நிற்பார். காற்றுக்கும் கொக்குக்கும் கைநீட்டிப் பேசுவார். "பொங்கி வருகிறது வெள்ளம்! புரண்டு விழுகிறது கரை! பொன் விளையும் பூமி பாழாகிறது! ஓடி வாருங்கள், உழவர் பெருமக்களே, ஓடி வாருங்கள்!" வட்டைக்குள் வேலை செய்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முதல்நாள் சிலர் பதறி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஏசிக்கொண்டு திரும்பினார்கள். பிறகு பழகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் அந்த வரிகளைச் சொல்லி விளையாடினார்கள். எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்லவில்லை, உங்களுக்கும் தெரியும்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, மழை விட்டு, எல்லோரும் மஜீட்டின் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கியிருந்த நேரம். மசூர் கட்டுக்குப் போனார். மதகுக்குப் பக்கத்தில் மண் சரிந்து தண்ணீர் பீறிடுவதைக் கண்டார். கூப்பிட்டார். என்னவென்று கூப்பிட்டார்? நான் அவரிடமே கேட்டேன். அழுதுகொண்டு சொன்னார், "கட்டுப் போகுது, ஓடி வாங்க எண்டு சொல்ல வாயைத் திறந்தன் மாஸ்டர். நாவுல பழகிக் கிடந்ததுதான் வந்திச்சி. அதையே திரும்பத் திரும்பக் கத்தினன்."

புரிகிறதா உங்களுக்கு? உண்மையான வெள்ளம் உண்மையாகப் பொங்கி வந்த வேளையில், அந்தப் பிள்ளையின் வாயில் வந்தது போட்டிக்குப் பாடமாக்கிய பேச்சு! "பொங்கி வருகிறது வெள்ளம்" என்றார், பொங்கிக்கொண்டுதான் இருந்தது. "புரண்டு விழுகிறது கரை" என்றார், விழுந்துகொண்டுதான் இருந்தது. "ஓடி வாருங்கள்" என்றார். ஓடினோமா? ஓடி வந்தவர் ஒருவர். ஒரே ஒருவர்!

அவர் சாமித்தம்பி அண்ணன். கடையிலிருந்து எழும்பி, வழியில் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார். அவருடைய மனைவி அன்னப்பிள்ளை அக்கா இந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார். வட்டைக் கூட்டத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். தன் புருஷன் கடைசியாகச் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். "கடைக்குள்ள எல்லாரும் சிரிக்காங்க புள்ள. எனக்கெண்டா அந்தப் பொடியன்ட குரல் இண்டைக்கு வேற மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

போனார். மண் வெட்டிப் போட்டார். மசூர் வைக்கோலை அள்ளி அள்ளிக் கொடுத்தார். ரெண்டு பேரால் அடைக்கக்கூடிய உடைப்பா அது? ஆளைக் கூட்டிவரச் சொல்லி அவரே மசூரை அனுப்பினார். பிள்ளை பாதி வழி வருவதற்குள் கட்டு போய்விட்டது. மறுநாள் நீங்கள்தான் அவரை வாய்க்காலில் இருந்து தூக்கினீர்கள்.

ஆக, கடைக்குள் எல்லோரும் சிரித்தார்கள். கேட்காத குரலுக்கு யாராவது சிரிப்பார்களா?

ஆனால் விதானையார் கனகரெத்தினம் அவர்கள் வட்டைக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டபோது, "கேக்கல்ல" என்றார் ஒருவர். "கேக்கல்ல" என்றார் அடுத்தவர். கூட்டம் முழுவதும் அதே சொல். ஏன்? வம்மியடி வட்டையில் ஒரு வழக்கம் உண்டு, மற்ற ஊரார் அறியச் சொல்கிறேன். கட்டுக் கூப்பாடு காதில் விழுந்தால், பிசைந்த சோற்றை வைத்துவிட்டு ஓட வேண்டும். கேட்டும் போகாதவனுக்கு அடுத்த போகம் தண்ணீர் கிடையாது. அவனுடைய வாய்க்காலை மண் போட்டு மறித்துவிடுவார்கள். வழக்கம் நல்லதுதான். அதற்குப் பயந்து ஊரே பொய் சொன்னதுதான் பாவம். நம் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையைக் கொலைகாரனாக்கி வைத்திருக்கிறோம்! அவனுடைய மானத்தை விற்று வாங்கிய தண்ணீரிலா நாம் நெல் விளைவிக்கப் போகிறோம்?

"நீங்க கேட்டீங்களா?" என்கிறாரே ஒருவர். நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் மருதமுனையில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ, சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இன்றைக்கு எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

சுதந்திரம் வந்து பத்தாண்டு ஆகப்போகிறது. எதற்கெதற்கோ கை தூக்கினோம். இப்போது ஒரு தடவை தூக்குங்கள். அந்த வெள்ளிக்கிழமை மசூரின் குரலைக் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்குகிறவர்களுக்கு வரும் போகம் தண்ணீர் இல்லாமல் போகலாம். விதானையார் இங்கேதான் இருக்கிறார், அவர் பார்ப்பார். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

ஒருவரும் இல்லையா?

தலைவர் அவர்களே, மணியை அடிக்க வேண்டாம். நான் நிற்கிறேன். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை நிற்பேன்.

நிலத்தைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். அன்னப்பிள்ளை அக்காவும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் இருக்கிறார்.

அதோ, நடுவரிசையில் ஒரு கை. யாரது? கலந்தர் காக்காவா? மசூரின் வாப்பா! எழும்புங்கள் காக்கா. வட்டைக் கூட்டத்தில் நீங்களும் "கேக்கல்ல" என்றுதானே சொன்னீர்கள்? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

பின்னால் கேட்கவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே நான் திருப்பிச் சொல்கிறேன். "எல்லாரையும் விட எனக்குத்தான் நல்லாக் கேட்டிச்சி மாஸ்டர். என்ட மகன் கதைக்கிறான், கேளுங்க எண்டு கடைக்குள்ள இருந்தவங்களுக்குக் காட்டினதும் நான்தான். பெருமையில இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னன்."

இருங்கள் காக்கா, இருங்கள். அவருக்குத் தண்ணீர் கொடுங்கள் யாராவது.

இன்னொரு கை. மஜீட்டுடைய கை. அந்த மூலையில் மூன்று, நான்கு. காரைதீவுப் பக்கமும் எழும்புகின்றன. போதும், இறக்குங்கள். விதானையார் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது, அது வட்டையின் வழக்கு. இந்தக் கைகள் எல்லாம் சேர்ந்தாலும் சாமித்தம்பி அண்ணனைத் தூக்கிவர முடியாது. அன்றைக்கு இவை மண்வெட்டியோடு வந்திருந்தால் முடிந்திருக்கும்.

இன்றைய முதற்பரிசு தம்பி மர்சூக்குக்கு, தகுதியோடு பெற்றார். பொறுமையோடு என்னைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், தாய்மாருக்கும், ஏசாமல் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தம்பி மசூர், தலையை நிமிர்த்தும். நீர் கூப்பிட்டீர். நாங்கள்தான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

வஸ்ஸலாம். வணக்கம்.