சிகாகோ சட்டை

கோர்டி: பொய் சொல்லாத ஆர்லன். சொந்தத் தங்கச்சி பையன். அவன் பேரை எழுதாம உன் பேனா எப்படிடா நகர்ந்துச்சு?

ஆர்லன்: நல்லாவே நகர்ந்துச்சு. கோச் வெச்சுக்கப்போற ஐம்பத்தி மூணு பேரையும் தலையால எழுதினேன், நெஞ்சால இல்ல. இருபத்தி ரெண்டு வருஷமா அதானே நம்ம பந்தயச் சட்டம்?

கோர்டி: சட்டமாம் சட்டம்! மார்லிஸ், கேட்டியா உன் அண்ணன் பண்ணின காரியத்தை? கோச் ஃபுட்பால் டீம்லேர்ந்து வெட்டுறதுக்கு முன்னாடி தாய்மாமன் வெட்டிட்டான்.

மார்லிஸ்: கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ மட்டும் எழுதிக் கிழிச்சிட்டியாக்கும்?

கோர்டி: நானா… நான் எப்படி எழுத முடியும்? பன்னிரண்டு வருஷம் என் பள்ளிக்கூட பஸ்ஸுல ஏறி இறங்கின பையன். நான் எழுதினா பாசத்துல எழுதிட்டான்னு சிரிக்க மாட்டாங்க?

மார்லிஸ்: ஆக ரெண்டு பேருமே எழுதல.

ஆர்லன்: கோவிச்சுக்காத. எம்மெட் நல்ல பையன்தான். ஆனா அவன் வேலை என்ன? குனிஞ்சு நின்னு, பந்தைக் காலுக்கு நடுவால பின்னாடி வீசணும், பின்னாடி நிக்கறவன் உதைப்பான். அந்த வேலைக்கு டீம்ல ஒரே ஒரு இடம். அதுல ஹால்வர் பதிமூணு வருஷமா பட்டா போட்டு உக்காந்திருக்கான்.

கோர்டி: முப்பத்தெட்டு வயசாச்சு அவனுக்கு. குனிஞ்சா நிமிர மாட்டேங்கறான்.

ஆர்லன்: குனிஞ்சு நிக்கறதுதானே அவனுக்கு வேலையே?

மார்லிஸ்: சிரிங்க, சிரிங்க. மணி என்னாச்சு?

கோர்டி: ரெண்டு அஞ்சு. மூணு மணிக்குள்ள தொண்ணூறு பேரை ஐம்பத்தி மூணாக் குறைச்சாகணும். மூணு அடிச்ச உடனே டிவில பட்டியல்.

மார்லிஸ்: இன்னும் ஐம்பத்தஞ்சு நிமிஷம்… அவன் சொல்லியிருக்கான், "வெட்டிட்டாங்கன்னா உடனே கூப்பிடுவேம்மா. மூணு மணி வரைக்கும் கூப்பிடலேன்னா டீம்ல இருக்கேன்னு வெச்சுக்கோ"ன்னு. அதனாலதான் போனை இப்படிக் குப்புறப் போட்டு வெச்சிருக்கேன்.

கோர்டி: எப்படி வெட்டுவாங்க தெரியுமா? ஒருத்தன் வந்து கதவைத் தட்டுவான். "கோச் கூப்பிடறார், ஆட்டப் பாடம் இருக்கே அந்த டேப்லெட், அதையும் எடுத்துக்கிட்டு வா"ம்பான். அவ்வளவுதான். டேப்லெட்டைக் கேட்டாலே சோலி முடிஞ்சுது. அடுத்த பஸ்ஸுல…

மார்லிஸ்: யோவ் கோர்டி! வாயைக் கழுவு. இந்தா, சாசேஜ். தின்னுட்டுப் பேசாம இரு.

கோர்டி: கடுகு எங்க?

மார்லிஸ்: உன் மூக்குக்குக் கீழ.

ஆர்லன்: அது கிடக்கட்டும். மார்லிஸ், பந்தய ஜாடியில ஏன் மூணு கவர் இருக்கு? நான் போட்டது ஒண்ணு, கோர்டி போட்டது ஒண்ணு.

மார்லிஸ்: வேற ஒருத்தரும் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கெடு முடியறதுக்குள்ள.

கோர்டி: யாரு? பாஸ்டரா? அந்த ஆளுக்கு இதுல ஒரு கண்ணு உண்டு. கோயில்ல ஜெபம் பண்றப்பவே காயம் பட்டவன் பேரா சொல்லி ஜெபம் பண்றவர்.

மார்லிஸ்: பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. தோத்தா பந்தயத்துக்குக் கட்டுப்படறேன்னாங்க. போதுமில்ல?

ஆர்லன்: சட்டை விஷயத்தைச் சொன்னியா?

மார்லிஸ்: சொல்லாம? "தோத்தவங்க நம்ம பரம எதிரி சிகாகோக்காரன் சட்டையைப் போட்டுக்கிட்டு, முதல் ஆட்டத்தன்னைக்கு இந்த பார் முழுக்க பீர் பரிமாறணும்"னு தெளிவாச் சொல்லிட்டேன்.

கோர்டி: பாவம், புதுசா வந்து மாட்டிக்கிட்டாரு. போன வருஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டியே என்னைப் பார்த்துக் கூவினா… ஏய், இரு. இந்தச் சட்டை என்ன ஆணியில இவ்வளவு பளிச்சுன்னு தொங்குது? சோப்பு வாசனை வருது!

மார்லிஸ்: தூசியா இருந்துச்சு. துவைச்சேன்.

ஆர்லன்: இஸ்திரி வேற போட்டிருக்க. சிகாகோக்காரன் சட்டைக்கு நம்ம ஊர்ல இஸ்திரியா? இது வெளிய தெரிஞ்சா கடைக்கு ஆள் வராது.

கோர்டி: கையும் குட்டையா இருக்கே. சுருங்கிடுச்சா?

மார்லிஸ்: மலிவுத் துணி, சுருங்கும். கையை எடு, கடுகு ஒட்டும்… ஐயோ! போன்! போன் அடிக்குது!

ஆர்லன்: திருப்பிப் பாரு. யாருன்னு பாரு.

மார்லிஸ்: நான் பார்க்க மாட்டேன். நீ பாரு.

ஆர்லன்: என் கண்ணாடி வண்டியில இருக்கு. கோர்டி, நீ பாரு.

கோர்டி: என் கையெல்லாம் கடுகு… சரி, இரு, இரு… "பன்". பன்னுன்னு போட்டிருக்கு.

மார்லிஸ்: பேக்கரிக்காரன்! குடு இங்க. ஹலோ! …எத்தனை டஜன் வேணுமோ அத்தனையும் கொண்டுவந்து கொட்டு, மூணு மணி வரைக்கும் இந்த நம்பருக்குக் கூப்பிட்டா உன் கழுத்தைத் திருகிடுவேன்!

கோர்டி: அருமையான வியாபாரம்.

ஆர்லன்: அவனை விடு. உன் பட்டியல்ல பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடறவங்க எத்தனை பேர் வெச்சிருக்க?

கோர்டி: மூணு.

ஆர்லன்: மூணா? மடையா, நாலு வெப்பாங்க. அந்த டெக்சாஸ் பையனுக்கு முழங்கால் வீங்கியிருக்கு, தெரியாது?

கோர்டி: முழங்கால் வீங்கினது உனக்கு. தபால்காரனாக் கடுதாசி சுமந்து சுமந்து. அவன் நேத்து மான் மாதிரி ஓடினான், நான் மைதான வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன்.

ஆர்லன்: வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கோச் பார்த்தார். அதான் கணக்கு.

மார்லிஸ்: எம்மெட்டைப் பார்த்தியா கோர்டி? நேத்து?

கோர்டி: …பார்த்தேன்.

மார்லிஸ்: எப்படி வீசினான்?

கோர்டி: எல்லாம்… எல்லாம் நேராத்தான் போச்சு. ஒண்ணே ஒண்ணு உயரமாப் போச்சு. உதைக்கிறவன் எம்பிப் பிடிச்சான்.

மார்லிஸ்: அதைச் சொல்லாம இருந்திருக்கலாம் நீ.

கோர்டி: நீதானே கேட்ட!

ஆர்லன்: சும்மா இருங்க ரெண்டு பேரும். ஒரு பந்து உயரமாப் போனா ஒண்ணும் ஆகாது. அவன் எத்தனை வருஷமா வீசறான்… நம்ம கொட்டகைக் கதவுல பழைய டயரைக் கட்டி, பனியில கூட…

கோர்டி: என்னடா குரல் தழுதழுக்குது? தலையால எழுதினவனாச்சே நீ?

ஆர்லன்: வெங்காயம். அந்த வெங்காயத்தைத் தள்ளி வை.

மார்லிஸ்: மணி?

கோர்டி: ரெண்டு நாற்பது. இருபது நிமிஷம்தான். மூச்சைப் பிடிச்சுக்கோ… மறுபடி அடிக்குது.

மார்லிஸ்: பேக்கரிக்காரனா இருந்தா கொன்னுடுவேன். பாரு.

கோர்டி: பேக்கரி இல்ல.

மார்லிஸ்: பின்ன யாரு? ஏன் முழிக்கற?

கோர்டி: எம்மெட்.

மார்லிஸ்: வேண்டாம். எடுக்காத.

ஆர்லன்: எடுக்காம எப்படி?

மார்லிஸ்: எடுக்கலேன்னா அவன் சொல்ல முடியாது. சொல்லலேன்னா நடக்கல. நான் எடுக்க மாட்டேன் அண்ணே! அதை ஐஸ் பெட்டியில போடு!

கோர்டி: நின்னுடுச்சு… ஐயையோ, திரும்ப அடிக்குது.

ஆர்லன்: குடுடா இங்க. பையன் தனியா நின்னு தவிச்சுக்கிட்டிருப்பான். …ஹலோ? எம்மெட்டா? மாமாடா. …அம்மா இங்கதான் இருக்கா, ஐஸ் பெட்டி பக்கத்துல தரையில உக்காந்துட்டா. …டேய், அழாத. மூச்சு விட்டுப் பேசு.

கோர்டி: போச்சு.

மார்லிஸ்: நான் அப்பவே நினைச்சேன்… பரவாயில்ல, வீட்டுக்கு வரச் சொல்லு. உருளைக்கிழங்கு அடை சுட்டு வைக்கறேன்னு சொல்லு.

ஆர்லன்: ஷ்ஷ்! …என்ன சொன்னார் கோச்? …நாளைக்குள்ள ஹோட்டல் ரூமைக் காலி பண்ணச் சொன்னாரா?

மார்லிஸ்: ரூமை விட்டே துரத்திட்டாங்களா? ரெண்டு நாள் கூட விட மாட்டாங்களா பிள்ளைய?

ஆர்லன்: …வேற என்ன சொன்னார்? …இரு. திருப்பிச் சொல்லு. வீடு பார்க்கச் சொன்னாரா?

கோர்டி: என்னது?

ஆர்லன்: "இங்க ஊருக்குள்ளயே ஒரு வீடு பாரு"ன்னாரா? …டேய் எம்மெட், ஒண்ணு கேக்கறேன், நிதானமாப் பதில் சொல்லு. டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டாங்களா? …கேக்கலையா? …உன் கையிலதான் இருக்கா?

கோர்டி: டேப்லெட்டைக் கேக்கலையா! ஆர்லன்! கேக்கலையாடா!

ஆர்லன்: அட கூறு கெட்ட பயலே! வெட்டுறவனை எவனாவது வீடு பார்க்கச் சொல்லுவானா? முகாம் முடிஞ்சுது, ஹோட்டலும் முடிஞ்சுது. போறவன் டேப்லெட்டைக் குடுத்துட்டு வண்டி ஏறுவான். இருக்கறவன்தாண்டா வீடு பார்ப்பான்! …ஆமாண்டா! …எனக்கு எப்படித் தெரியுமா? இருபத்தி ரெண்டு வருஷமா இதைத் தவிர வேற என்னத்தைப் படிச்சேன் நான்?

கோர்டி: மார்லிஸ், எழுந்திரு! எழுந்திரும்மா! உன் பிள்ளை உள்ள இருக்கான்!

மார்லிஸ்: கத்தாத. யாரும் கத்தாதீங்க. டிவில வரட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அண்ணே, போனைக் குடு. …எம்மெட், சாப்பிட்டியா? …காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையா? …மாமா சொன்னதை நம்பாத, நம்பாமலும் இருக்காத. முகத்தைக் கழுவு. ஒரு முட்டையாவது சாப்பிடு. …ம். …சரிடா கண்ணு. மூணு மணிக்குப் பேசறேன்.

கோர்டி: வீடு பார்க்கச் சொன்னதுக்கு அழுதிருக்கான் பாரு. ஊர்ல எல்லாரும் வீட்டு வாடகையைக் கேட்டுத்தான் அழுவாங்க.

ஆர்லன்: சின்ன வயசுலேயே அப்படித்தான். பரிசு குடுக்கக் கூப்பிட்டா, திட்டக் கூப்பிடறாங்கன்னு ஒளிஞ்சுப்பான்.

மார்லிஸ்: டிவி சத்தத்தை ஏத்து.

கோர்டி: ஏத்தியாச்சு. மூணு. வருது… பந்து எறியறவங்க… ஓடறவங்க… நாலு பேர்! சே, நாலு பேர் வெச்சுட்டாங்க!

ஆர்லன்: சொன்னேன்ல!

மார்லிஸ்: வாயை மூடுங்கய்யா, கீழ பாருங்க, கீழ… கடைசி வரி… எனக்குக் கண்ணு மறைக்குது. படி அண்ணே.

ஆர்லன்: எம்மெட்… எம்மெட் வோக்ட். இருபத்தி மூணு வயசு. நம்ம ஊர் பேர் போட்டிருக்கு, மார்லிஸ். டிவில நம்ம ஊர் பேர்!

கோர்டி: ஹோ! ஹோஹோய்! மணியை அடி! எல்லாருக்கும் பிராந்தி! நான் பஸ்ஸைச் சாயங்காலம் நடந்தே ஓட்டுவேன்!

மார்லிஸ்: உனக்குச் சோடாதான். நாலு மணிக்குப் பிள்ளைங்களை ஏத்தணும்… ஐயோ, என் பிள்ளை, என் பிள்ளை… ஹால்வர் என்ன ஆனான், பாவம்?

ஆர்லன்: அவனே கோச்சுகிட்ட போய் "பையன் தயார், நான் கிளம்பறேன்"னானாம். கீழ ஓடுது பாரு.

மார்லிஸ்: நல்லா இருக்கணும் அந்த மனுஷன். அவனுக்கு ஒரு கூடை நிறையப் பாலாடைக்கட்டி அனுப்பறேன். சரி, ஜாடியை எடு. கவரைப் பிரிப்போம்.

ஆர்லன்: இன்னைக்கே பிரிக்கணுமா? சந்தோஷமான நாள்… அப்புறம் பார்க்கலாமே.

கோர்டி: ஆமா, எனக்கும் வயிறு ஒரு மாதிரி இருக்கு. நாளைக்கு…

மார்லிஸ்: என்ன ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பம்மறீங்க? குடு. இது அண்ணன் கவர். முதல் பேர்… அண்ணே.

ஆர்லன்: அது வந்து…

மார்லிஸ்: முதல் பேரே எம்மெட். டீமோட ராஜா, அந்தப் பந்து எறியறவனையே ரெண்டாவதா எழுதியிருக்க!

கோர்டி: அட கள்ளா! தலையால எழுதினியா நீ?

ஆர்லன்: பேனா தானா நகர்ந்துடுச்சு. சரி, அவன் கவரைப் பிரி.

மார்லிஸ்: முதல் பேர் எம்மெட்… ஐம்பத்தி மூணாவது பேரும் எம்மெட். கோர்டி, என் பையனை ரெண்டு தடவை எழுதியிருக்க!

கோர்டி: பயம்மா. ஒரு தடவை எழுதினா கோச் கண்ணுல படாதோன்னு…

ஆர்லன்: கோச் எங்கடா உன் கவரைப் படிக்கப் போறார்? எண்ணு, எண்ணு. எனக்கு நாற்பத்தெட்டு சரி. இவனுக்கு… ஒரு இடத்தை வீணடிச்சு… நாற்பத்தி ஏழு! கோர்டி, ரெண்டாவது வருஷமும் சட்டை உனக்குத்தான்!

கோர்டி: போடறேன். எம்மெட்டுக்காக எதை வேணும்னாலும் போடறேன். குடு அதை… ஏன், மூணாவது கவர் இருக்கே!

ஆர்லன்: பிரிக்கறேன்… நல்லாத்தான் எழுதியிருக்கார். சரி… சரி… இதுவும் சரி… நாற்பத்தி ஆறு. கோர்டி, தப்பிச்சிட்ட! உன்னை விட ஒரே ஒரு பேர் கம்மி. தப்பானது எதெல்லாம்… டேய். இதுல எம்மெட் பேரு இல்ல. ஹால்வர்னு இருக்கு.

கோர்டி: யாருடா அந்தப் பாவி? இந்த ஊர் தண்ணியைக் குடிச்சுட்டு எம்மெட் பேரை எழுதாதவன்?

ஆர்லன்: இரு… இது இந்தக் கடையில மீன் வறுவல் பலகையில எழுதற கையெழுத்து. வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கறேனே… மார்லிஸ்! நீயா?

மார்லிஸ்: இருபத்தி ரெண்டு வருஷமா உங்க ரெண்டு பேர் வாயைக் கேட்டுக்கிட்டே பீர் ஊத்தறேன். எனக்கு எழுதத் தெரியாதா?

கோர்டி: பெத்த தாயே பிள்ளையை வெட்டலாமா?

மார்லிஸ்: பள்ளிக்கூடத்துல ஆடினப்ப ஒரே ஒரு தடவை "இன்னைக்கு நீதாண்டா ஜெயிப்ப"ன்னு வாய் விட்டுச் சொன்னேன். அன்னைக்கு மணிக்கட்டு உடைஞ்சு வந்து நின்னான். அதுலேர்ந்து அவன் விஷயத்துல நல்லதா ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்ல. என் கண்ணே பட்டுடும்.

ஆர்லன்: அப்போ அந்த சோப்பு வாசனை… இஸ்திரி… சுருங்கின கை…

மார்லிஸ்: சுருங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கவரைப் போட்ட கையோட, அதைத் துவைச்சு, என் கை அளவுக்கு மடிச்சுத் தைச்சு, "நான் தோக்கணும், நான் தோக்கணும்"னு வேண்டிக்கிட்டுத்தான் ஆணியில மாட்டினேன்… தள்ளு கோர்டி, குடுய்யா என் சட்டையை!