தானாக ஒதுங்கும் பறவைகள்

பருந்துக்குப் பசிவேளை நன்றாகத் தெரியும், ஐயா. கடிகாரம் பார்த்துச் சாப்பிடும் மனிதன்கூடச் சில நாள் தவறுவான், அது தவறாது. விமான நிலையத்தில் பறவை விரட்டியே தலை நரைத்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

நானும் என் தம்பியும் ஒரே வண்டியில் போவோம். வயர்லெஸ் என்னிடம், வெடித் துப்பாக்கி அவனிடம். ஓடுபாதை ஓரப் புல்லில் பறவை கூடினால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அவன் இறங்கி ஓடுவான். அவை கலைந்து போகும்வரை, வருகிற விமானம் மேலே ஒரு சுற்றுச் சுற்றி வரும். அதுதான் முறை.

சரக்கு விமானத்தின் கேப்டனுக்குச் சுற்றுவது பிடிக்காது. என்னைக் கண்டால், "என்ன காக்காய்க்காரரே, சொந்தக்காரங்கல்லாம் சௌக்கியமா?" என்பார். நானும் சிரித்துவைப்பேன். மழை ஓய்ந்த ஒரு காலையில், தம்பி புல்லில் நிற்கும்போது, சுற்றி வரும்படி கோபுரம் அவரிடம் சொன்னது. "பறவைதானே, தானா ஒதுங்கும்" என்று சொல்லிக்கொண்டே விமானத்தை இறக்கிவிட்டார். பறவைகள் ஒதுங்கின. ஈரத்தில் வழுக்கிப் புல்லில் ஏறிய சக்கரத்துக்கு ஒதுங்கத் தம்பியால் முடியவில்லை.

அனுமதியில்லாமல் ஓடினான் என்று விசாரணையில் கேப்டன் சொன்னார். ஒலிப்பதிவுக் கருவி அன்றைக்குப் பழுதாம். கோபுரத்தில் இருந்தவருக்கு ஞாபகமில்லையாம். என் சொல், கூடப்பிறந்தவன் சொல்லாயிற்றே, எடுபடவில்லை. துணை விமானியான இளம்பெண் தலை குனிந்து நின்றாள்.

யானை ஒன்று ஓடையில் இறங்கியதாம். மீன்கள் மிதிபடுமே என்று கரையிலிருந்த கொக்கு சொன்னதற்கு, அவை தாமாக ஒதுங்கும் என்றதாம் யானை. மீன்கள் ஒதுங்கின. முதலையும் ஒதுங்கியது, அடியாழத்துக்கு. சின்னப் பிள்ளைகளுக்கான கதைதான். இருந்தாலும் எனக்கு அது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு பருந்துகளுக்கு இரை வைக்கத் தொடங்கினேன். வெகு தொலைவில் ஒரு பழைய கல்குவாரி. கசாப்புக் கடைக் கழிவை வாளியில் கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு, வண்டியின் ஹாரனை நீளமாக அடிப்பேன். சரக்கு விமானம் வரும் வேளையே அவற்றின் சாப்பாட்டு வேளை. ஓடுபாதையில் ஒரு சிறகுகூட இல்லாமல் போயிற்று. மேலாளர் என் தோளைத் தட்டி, "விரட்டுறதைவிட விருந்து வைக்கிறதே மேல்னு காட்டிட்டீங்க" என்றார். வாளியை ஒரு நாள் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முதலைக்குப் பொறுமை உண்டு.

நான் குறித்த நாளுக்கு முந்திய மாலை, அந்தத் துணை விமானி வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவியின் தையல் இயந்திரத்துக்கு அருகே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"வேலை போயிடும்னு வாயை மூடிட்டேண்ணா. கண்ணை மூடினா அவர் முகம்தான் வருது. இப்பக் கிளம்பி, காலைல கேப்டனோடயே திரும்பி வர்றேன். இறங்கினதும் நேரா விசாரணை அதிகாரிகிட்ட போய் உள்ளதைச் சொல்லப் போறேன். நீங்களும் கூட வாங்க."

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது போதும்மா. சொன்ன பேச்சுக் கேக்காம செத்தவர்னு இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."

வாசல்வரை சென்று அந்தப் பெண்ணை வழியனுப்பிவிட்டு யோசித்தேன். அவள் பேசினால் தம்பியின் பெயர் துலங்கும். ஆனால் கேப்டன்? வேலையை விடுவார். சாயங்காலங்களில் மனைவியோடு காலாற நடப்பார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை, விமானம் தாழ்ந்து வரும் வழியில், வேலிக்கு வெளியே இருந்த தரிசில் வாளியைக் கவிழ்த்து ஹாரனை அடித்தேன். பருந்துகள் வந்தன, சொல் தட்டாதவை. கோபுரம் பறவை நிலவரம் கேட்டது. "ஒண்ணும் இல்லை, சுத்தமா இருக்கு" என்றேன்.

சற்று நேரத்தில் வயர்லெஸில் அவள் குரல் கேட்டது. "முன்னால பருந்துக் கூட்டம். அண்ணா, இருக்கீங்களா? வெடி போடுங்கண்ணா."

வெடித் துப்பாக்கி என் மடியில்தான் இருந்தது. மருந்து நிரப்பியே இருந்தது. நிரப்பாமல் வேலைக்குப் போகும் வழக்கம் எனக்கில்லை. அவள் நல்ல பெண், நான் வருந்தியது உண்மை. ஆனால் மரத்தை வெட்டுகிறவனால் கூட்டைத் தனியே இறக்கிவைக்க எப்போதும் முடிவதில்லை.

இரண்டு என்ஜின்களும் பருந்துகளை விழுங்கின. விமானம் வேலியை எட்டவில்லை. அதில் சரக்காக வந்தவை குடைகள். வயல் முழுவதும் கறுப்புக் குடைகள் விரிந்து, காற்றில் எழும்பி எழும்பி உருண்டன. அவற்றையும் யாராவது விரட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆகவே, அந்த இரண்டு உயிரையும் எடுத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவியிடமும் நானே போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவியது.

"அவரா இருந்தா வெடியைத் தூக்கிட்டு ஓடியிருப்பாரு, மாமா" என்றாள். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

துக்கத்தில் பேசுகிறாள். அவனுக்காகத்தான் செய்தேன் என்பது போகப் போகப் புரியும்.

அது கிடக்கட்டும், ஐயா. இன்று காலை குவாரியில் யாராவது இரை வைத்தார்களா? வாயில்லா ஜீவன்களைப் பழக்கிவிட்டுப் பட்டினி போடுவது பெரிய பாவம்.