பக்கத்து மறைப்பில் ஒரு ‘டக்’

சுந்தரம்: சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே...

கண்மணி: குத்துனவருக்கு எப்படிக் கேக்கும்? பக்கத்து மறைப்புல ஓட்டுச்சீட்டோட நின்ன எனக்குக் கேட்டுச்சு. ‘டக்’!

சுந்தரம்: ஸ்கூல் ஹால்ல ஆயிரம் சத்தம் வரும்.

கண்மணி: ஓட்டுக்குப் பேனா இருந்தவரைக்கும் சத்தமில்லாம தப்பிச்சீங்க. இப்ப குத்துற ஸ்டாம்ப்பு லா! எதுலயும் குத்தாம வெறும் சீட்டைத்தான் போடுவேன்னு மக தலையில கைவெச்சு...

சுந்தரம்: தலையில இல்ல. தோசைக்கரண்டி மேல.

ருக்சார்: அக்கா, காரிடார் வரைக்கும் கேக்குது. என்ன, இந்த எலெக்‌ஷனுக்கும் வீட்டுல ரெண்டு சமையலா?

கண்மணி: வா ருக்சார், நீயே கேளு. போன தடவை...

ருக்சார்: தெரியுமே! புருஷன் ஒரு கட்சி, பொண்டாட்டி ஒரு கட்சி. ஒரு மாசம் பேச்சே இல்ல. அண்ணே கீழ காப்பிக்கடையே கதின்னு கெடந்தாரு. பிடோக் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

சுந்தரம்: பரப்புனதே நீதானே!

ருக்சார்: பின்ன, பக்கத்து வீட்டுல இருந்துட்டு அதுகூடச் செய்யலைன்னா எப்படி?

கண்மணி: அதான் இந்தத் தடவை மக வர்ஷா நடுவுல வந்தா. காலேஜுல, யாரு என்ன செஞ்சா யாருக்கு லாபம்னு கேம் தியரி படிக்கிறால்ல? “உங்க ரெண்டு ஓட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. இந்த ஊர்ல ஓட்டுப் போடப் போகாம இருந்தா பட்டியல்லேருந்து பேரை வெட்டிருவாங்க. அதனால போங்க, ரெண்டு பேருமே வெறும் சீட்டைப் போடுங்க. சண்டை மிச்சம்”னா.

ருக்சார்: ஒருத்தர் ஏமாத்திட்டா?

கண்மணி: ஏமாத்துனவரு கட்சிக்கு ஒரு ஓட்டு லாபம். வீடு மறுபடி ரெண்டாகும். இவரு அதைத்தான்...

சுந்தரம்: நிறுத்து. எனக்கும் ஒரு ‘டக்’ கேட்டுச்சு. உன் பக்கத்துலேருந்து.

கண்மணி: அது... ஸ்கூல் ஹால்ல ஆயிரம் சத்தம் வரும்.

ருக்சார்: அக்கா! நீங்களுமா?

கண்மணி: மொதல்ல அவரு சொல்லட்டும்.

சுந்தரம்: குத்துனேன். உன் கட்சிக்கு.

ருக்சார்: யா அல்லாஹ்!

கண்மணி: பொய்.

சுந்தரம்: கட்சி நோட்டீஸ் குடுக்கறேன்னு அடுக்குமாடி புளோக் புளோக்கா ஏறி எறங்கிட்டு, கால் வீங்கி உக்காந்திருந்தியே... வெறும் சீட்டை மடிக்கக் கை வரல. சந்தோஷமா இரு, உன் கட்சிக்கு ரெண்டு ஓட்டு.

ருக்சார்: அக்கா... சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?

கண்மணி: ரெண்டு எங்கே? ஒண்ணுதான். போன தடவை கட்சி தோத்த அன்னைக்கு இவரு மொகத்தை நீ பாக்கல ருக்சார்... நான் குத்துனது இவரு கட்சிக்கு.