காதுக்கு அப்புறம் பெல்ட்டு

கோகிலன்: எழுது சோமு. 'வணக்கம் விளையாட்டுக் கமிட்டித் தலைவர் அஸ்லான் அவர்களே. இன்னிக்கு சாஃப்ட்பால் ஆட்டத்தப் பத்தி ஒரு ரசிகனோட கருத்து.'

சோமு: கருத்து... எழுதிட்டேண்ணே. அடுத்து?

கோகிலன்: 'நம்ம பேக்டரி பெண்கள் டீம் தோத்தது பெருசில்ல. எப்படித் தோத்துச்சுங்கறதுதான் பெருசு.'

தனுஜா: கைய ஸ்டீரிங்ல வைங்க.

கோகிலன்: ஜாம்லதானே நிக்கிறோம். பாயான் பாரு டவுன் ட்ராஃபிக் லைட்டத் தாண்டறதுக்குள்ள முழு ஆட்டத்தையும் சொல்லி முடிச்சிரலாம்.

தனுஜா: முன்னால நின்ன கெரெத்தா நகந்திருச்சு, நம்ம காரையும் எடுங்க.

கோகிலன்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... எங்க விட்டேன்?

சோமு: அண்ணே, நா இந்த ஆட்டம் பாக்கிறதே இன்னிக்குத்தான் மொதத் தடவ. கடைசியில எல்லாரும் ஏன் சத்தமில்லாம ஆயிட்டாங்கன்னுகூட எனக்கு சரியாப் புரியல. நா எழுதி என்ன லா ஆகப்போவுது?

கோகிலன்: எழுதறது நீ. சொல்றது நான். நா ஓட்டிக்கிட்டு இருக்கேன்ல, அதான். சரி, புரியவும் வைக்கிறேன். இந்த டேஷ்போர்டுதான் பாடாங், நாம பாத்த மைதானம்னு வெச்சிக்க. கீழ, இந்தா, இது ஹோம். பந்த அடிக்கிற எடம். இந்தப் பக்கம் ஒண்ணாவது பேஸ். மேல ரெண்டு. அந்தப் பக்கம் மூணு. சுத்தி வந்து திரும்ப ஹோமத் தொட்டா ஒரு ரன்.

தனுஜா: கை.

கோகிலன்: வெச்சிட்டேன் லா. இப்ப கடைசி இன்னிங்ஸ். நாம ஒரு ரன் பின்னால. ரெண்டு பேரு அவுட்டு. இன்னொரு அவுட்டு விழுந்தா ஆட்டமே முடிஞ்சிது. ரெண்டாவது பேஸ்ல நிக்கிறது யாரு?

சோமு: தனுஜாக்கா.

கோகிலன்: என் வீட்டுக்காரி. அடிக்க வந்து நிக்கிறது?

சோமு: குணவதி அக்கா. பேக்கிங் லைன்.

கோகிலன்: குணவதி கையில மட்டை இருந்தா எதிர் டீமு ஆளுங்க தானாவே பின்னால போய் நிப்பாங்க. அவ்ளோ அடி. அவ ஒரே ஒரு பந்த நல்லா அடிச்சா போதும், ரெண்டாவது பேஸ்ல இருக்கிறவ அப்படியே ஓடி ஹோமுக்கு வந்துருவா. ஸ்கோரு சமம். அப்ப மேனேஜர் என்ன செய்யணும்? நீயே சொல்லு.

சோமு: ...ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும்.

கோகிலன்: கேட்டியா தனுஜா? மொத நாளு பாக்கிறவனுக்குத் தெரியுது. ஒங்க மேனேஜர் லோகேஸ்வரிக்குத் தெரியல. மூணாவது பேஸத் திருடுன்னு சைன் குடுத்திருக்கு.

சோமு: திருடுறது... பாடாங்லயே சொல்லிக் குடுத்தீங்க. பந்து போடறவ கைய விட்டு பந்து கெளம்பினதும், அடிக்கிறவங்களுக்காகக் காத்திருக்காம அடுத்த பேஸுக்கு ஓடறது.

கோகிலன்: அதேதான். திருடறதுல தப்பில்ல. எந்த நேரத்துல எந்த பேஸங்கறதுதான் விசயம். ரெண்டாவதுல நின்னாலும் மூணாவதுல நின்னாலும் குணவதி அடிச்சா ஒரே ரன்தான். அப்ப மூணாவதுக்கு ஓடி நமக்கு என்ன லாபம்? கொஞ்சந்தான். மாட்டிக்கிட்டா? ஆட்டமே காலி. அதுவும் மூணாவது பேஸு, ஹோமுக்குப் பின்னால உக்காந்து பந்து பிடிக்கிறவளுக்கு ரொம்பக் கிட்ட. எறி சின்னது. பக்கத்து மேசைக்கு உப்பு ஜாடிய நகத்தற மாதிரி.

தனுஜா: நா மெதுவா ஓடினேன்னு சொல்றீங்களா?

கோகிலன்: ஒன்னச் சொல்லுவேனா? நீ சைனப் பாத்த, ஓடுன, அவுட்டானது ஒன் தப்பில்ல. ஆட்டக்காரி அப்படித்தான் இருக்கணும்.

தனுஜா: ஆமா. சைனப் பாத்துத்தான் ஓடுனேன்.

கோகிலன்: எழுது சோமு. 'இது ஒரு தப்பு இல்ல. நடுவுல, நல்லாப் பந்து போட்டுக்கிட்டு இருந்த யமுனாவ எடுத்துட்டு வேற ஆளப் போட்டதும் புரியாத முடிவு.'

தனுஜா: யமுனாவுக்குத் தோள் வலி.

கோகிலன்: அப்படியா? யாரும் சொல்லலியே.

தனுஜா: மூணாவது பேஸுக்குப் பின்னால, வேலிக்கு வெளிய நின்னா கேக்காது.

கோகிலன்: ...சரி, அந்த வரிய எடுத்துரு சோமு.

சோமு: எடுத்துட்டேண்ணே.

தனுஜா: மிச்சத்தையும் எடுத்துரலாம்ல?

கோகிலன்: ஏன்? ராத்திரி கமிட்டி கூடுது. அடுத்த வருசத்துக்கு லோகேஸ்வரியே மேனேஜரா இருக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றாங்க. அஸ்லானே கேட்டாரு, 'நீங்கதான் எல்லா மேட்சும் பாக்கிறீங்க, ஒங்க கருத்து அனுப்புங்க'ன்னு. நா அனுப்பற கருத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு.

தனுஜா: அதான் பயமா இருக்கு.

கோகிலன்: என்ன பயம்?

தனுஜா: லைன் லைனா வந்து நின்னு ஆள் சேத்தது அந்த அக்கா. பந்தையே கையில தொடாத என்னையும் கூப்பிட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சி காலு வலிக்குதுன்னு நாங்க உக்காந்துட்டாகூட அவங்க உக்காந்து நா பாத்ததில்ல. ஒரு ஓட்டத்துக்காக அவங்கள எடுத்துட்டா...

கோகிலன்: பாசம் வேற, ஆட்டம் வேற. அந்தம்மாவே ஒத்துக்கிச்சே. ஆட்டம் முடிஞ்சி எல்லாரும் வட்டமா நின்னீங்கள்ல, 'இது என் தப்பு'ன்னு சொன்னது வேலி வரைக்கும் கேட்டுச்சு.

தனுஜா: அது மட்டும் நல்லாக் கேட்டுச்சா?

சோமு: அண்ணே... லைட்டு பச்ச.

கோகிலன்: போறேன், போறேன்... ஹார்ன் அடிக்கிறான் பாரு பின்னால, என்னமோ பொண்டாட்டிக்குப் பிரசவம் மாதிரி. சோமு, ஒனக்கு ஒரு நுணுக்கம் சொல்லட்டா? அந்தம்மா சைன் எல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும்.

சோமு: பாடாங்ல கொஞ்சம் காட்டினீங்க.

கோகிலன்: கொஞ்சம்தான். முழுசாக் கேளு. மூணாவது பேஸுக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போட்டிருக்கும். மேனேஜர் அதுக்குள்ள நின்னு கையாலயே பேசும். தொப்பியத் தொடும், மூக்கத் தொடும், மொழங்கைய தேய்க்கும். பாக்கிறவன் மண்டை காயும். எல்லாம் சும்மா, எதிராளிய ஏமாத்த. காதத் தொட்டாத்தான் நெசம் ஆரம்பிக்குது. காதுக்கு அப்புறம் எதத் தொடுதோ, அதுதான் சைன். காதுக்கு அப்புறம் தோளு... மட்டையச் சும்மா நீட்டு, பந்தத் தட்டி விடு. காதுக்கு அப்புறம் பெல்ட்டு... திருடு. என்ன அழகா யோசிச்சிருக்கு, பாரு. அதுல நா குறை சொல்லவே மாட்டேன்.

தனுஜா: ரெண்டு கையும் காத்துல இருக்கு.

கோகிலன்: காட்டினாத்தானே புரியும்.

தனுஜா: ஆமா. தூரத்துல இருக்கிறவங்களுக்குக்கூட நல்லாப் புரியும்.

சோமு: அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க ரெண்டாவது பேஸ்ல நிக்கிறப்ப வெயிலு எந்தப் பக்கம்?

தனுஜா: மூணாவது பேஸுக்குப் பின்னால. சாயங்கால வெயிலு. மூஞ்சி எதுவும் தெரியாது. பச்ச ஜெர்சி, தொப்பி, கை... அவ்ளோதான் தெரியும்.

சோமு: ...ஓ.

கோகிலன்: என்ன 'ஓ'?

சோமு: ஒண்ணுல்லண்ணே. நீங்களும் டீம் ஜெர்சிதான் போட்டிருக்கீங்களா, பச்ச ஒங்களுக்கு நல்லா இருக்கு.

கோகிலன்: எல்லா மேட்சுக்கும் இதான் போடுவேன். ராசி. சரி, கடைசி வரி எழுது. 'ஆகவே லோகேஸ்வரிக்குப் பதிலா, ஆட்டத்த ஆழமாப் புரிஞ்ச ஒருத்தர மேனேஜராப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

தனுஜா: ஆழமாப் புரிஞ்ச ஒருத்தரு யாரு?

கோகிலன்: ...இருப்பாங்க. தேடினாக் கெடைக்கும்.

தனுஜா: பேக்டரில தேடணுமா, இந்த கெரெத்தாவுலயே தேடினாப் போதுமா?

கோகிலன்: அஸ்லான்தான் பேச்சுவாக்குல கேட்டாரு. நா ஒண்ணும் ஒத்துக்கல. வேணாம்னும் சொல்லல... சோமு, அனுப்பு.

சோமு: இப்பவேவா?

கோகிலன்: கூட்டம் ஆரம்பிச்சப்புறமா அனுப்புவாங்க? அமுக்கு.

சோமு: ...போச்சிண்ணே.

கோகிலன்: முடிஞ்சிது. என்ன தனுஜா, ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?

தனுஜா: அந்த நேரத்துல லோகேஸ்வரி அக்கா என்ன சைன் குடுத்தாங்கன்னு பாத்தீங்களா?

கோகிலன்: காது, பெல்ட்டு. நீதான் ஓடுனியே.

தனுஜா: கண்ணால பாத்தீங்களா?

கோகிலன்: ...அந்த நொடி பாக்கல. திருடறதுக்கு எந்த சைன்னு இவன் கேட்டான். நா இவனுக்குச்...

தனுஜா: சொல்லுங்க.

கோகிலன்: ...இவனுக்குச் செஞ்சி காட்டிக்கிட்டு இருந்தேன்.

தனுஜா: அந்த நொடி அக்கா குனிஞ்சி ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது நிமுந்து நின்ன ஒரே ஒரு பச்ச ஜெர்சி. காதத் தொட்டுச்சு. பெல்ட்டத் தொட்டுச்சு. ஓடுனேன். அவுட்டாயி மண்ணத் தட்டிக்கிட்டு எழுந்து பாத்தா... நீங்க இன்னும் பெல்ட்டுலேர்ந்து கைய எடுக்கல.

கோகிலன்: காது... பெல்ட்டு... இந்தக் கையா?

தனுஜா: கைய ஸ்டீரிங்ல வைங்க.

கோகிலன்: சோமு. அந்த மெசேஜ அழிக்க முடியுமா? அவரு பாக்கிறதுக்கு முன்னால...

சோமு: அழிக்க ஒண்ணுமில்லண்ணே. நா அனுப்பவே இல்ல. போச்சின்னு சும்மா சொன்னேன். ஒங்க பக்கத்துல நின்னவன் நான்தானே.

கோகிலன்: ...நல்ல வேல செஞ்ச. அப்ப லோகேஸ்வரிக்கு இது தெரியாதா? தெரியாமத்தான் 'என் தப்பு'ன்னு சொல்லிச்சா?

தனுஜா: தெரியும். வட்டத்துல நிக்கிறதுக்கு முன்னாலயே நா காதுல சொல்லிட்டேன். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. டீமுக்கு ஆட ஆளு தேடிப் பிடிச்சிக்கலாம், ஆனா எல்லா மேட்சுக்கும் வர்றது இந்த ஒரு மனுசன்தான், இதக் கேட்டா அவரும் வராம நின்னுருவாரு, என் தப்பாவே இருக்கட்டும்னாங்க... அடுத்த மேட்சுக்கு மட்டும், ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க.