தறியின் நாலாவது தட்டு

— மருதமுனையில இறங்காத அஸ்கி. அல்லாஹ்வுக்காக இறங்காத. பஸ் இப்ப எங்க நிக்குது?

— காரைதீவுச் சந்தி. ஹுஸ்னியா ராத்தா, நேத்து நீதானே சொன்னாய், உம்மா என்னப் பாக்கணுமாம், உடனே வா எண்டு?

— நேத்து சொன்னது நேத்தோட. இண்டைக்குத்தான் எனக்கு விசயம் தெரிஞ்ச. கேளு, நான் கிணத்தடியில ஒளிஞ்சி நிண்டு கதைக்கன். அந்தப் பாட்டு உன்ட எண்டு ஊருக்குள்ள கதை வந்துட்டு.

— எந்தப் பாட்டு?

— நடிக்காத. றோட்டுல போற ஓட்டோவெல்லாம் போடுற பாட்டு. உன்ட பஸ்ஸுலயும் இப்ப அதுதானே போகுது? எனக்குக் கேக்குது.

— ஓம். டிரைவர் தலைய ஆட்டி ஆட்டி ஓட்டுறார். பின்சீட்டுல ஒரு கூட்டம் கூடவே பாடுது. பாடினவன் மட்டும் தலையக் குனிஞ்சிட்டு இரிக்கான்.

— பகிடி விடாத, ஆரும் வர முந்திச் சொல்லி முடிக்கணும்.

— அதுல என்ட பேரும் இல்ல, முகமும் இல்ல. குரலக்கூட கம்ப்யூட்டர்ல போட்டு மெலிசாக்கித்தான் விட்ட. பொம்புளப் புள்ள பாடுது எண்டுதானே எல்லாரும் நினைச்ச?

— முதல் மாசம் நினைச்சாங்க. கலியாண வீடெல்லாம் அதுக்குத்தான் ஆட்டம். பொறகுதான் பாட்டுட வரியக் கேட்டாங்க. 'சுன்னத்துச் சாரம் உடுத்த நாளில இரிந்து நெஞ்சுக்குள்ள ஒருத்தன்' எண்டு எந்தப் பொம்புளப் புள்ளடா பாடும்? ஆம்புளய விரும்பி வளந்த ஆம்புளட பாட்டு எண்டு விளங்கிட்டு. ஆனா ஆள் ஆரெண்டு தெரியாம இரிந்த. முந்தநாள் வரைக்கும்.

— முந்தநாள் என்ன நடந்த?

— முன்வீட்டு அஸ்மியா போனுல பாட்டக் கேட்டுட்டு சந்தோசத்துல கத்திட்டா. 'இது நம்மட ஆமினா உம்மாட தறிச் சத்தமல்லவா!' எண்டு. பத்துப் பொம்புளையளுக்கு முன்னால.

— தறிச் சத்தமா?

— தெரியாத மாதிரிக் கேக்காத. பாட்டுக்குத் தாளமா என்னத்தடா வச்சிருக்காய்? மூணு தட்டு, நாலாவது நொண்டித் தட்டு. வாப்பா மௌத்தாக முந்திக் கடைசியாத் தறிக்குப் பலகையில செஞ்ச நாடாப்பெட்டி. நூல இழுத்திட்டு நாடா ஓடிப் போய் அதுல முட்டக்குள்ள ரெண்டு தரம் தட்டும். பெட்டிய மாத்துங்க எண்டு எத்தின பேர் சொன்ன? 'அது அவர்ர கை' எண்டு உம்மா தொட விட்டாவா?

— நம்மட ஊருல எத்தின தறி இரிக்கு ராத்தா. ஒரு தறிட சத்தத்த ஆர் வேறாக்கிக் கேக்கப் போறாங்க எண்டு நினைச்சிட்டன்.

— நம்மட தெருவுல கேப்பாங்க. ஆர்ர தறி நிண்டுட்டு, ஆருக்குக் காய்ச்சல் எண்டு வீட்டுக்குள்ள இரிந்தே சொல்லுவாளுகள். நீ அந்தத் தெருவுல புறந்தவன்தானே?

— வேற தாளம் போட்டும் பாத்தன். பாட்டு செத்துப்போச்சு. பதிமூணு வயசுல நான் தறிக்குப் பின்னால படுத்துத்தான் அழுவன், ஒருத்தருக்கும் கேக்காம. உம்மா நெய்யிற சத்தம் என்ட அழுகைய மூடிரும். நான் எழும்புற வரைக்கும் நிப்பாட்டவே மாட்டா. அத விட்டுட்டு அந்தப் பாட்ட எப்பிடிச் செய்ற?

— நீ அழுதாயா? எனக்கு ஏன் சொல்லல்ல?

— சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாய்?

— ...தெரியா. இப்ப அதக் கேக்காத. அசர் தொழுதிட்டு நாலு பேர் வாறாங்க. றஊப்தான் கூட்டிட்டு வாறார். பாட்டப் போனுல போட்டு, உம்மாவ நெய்யச் சொல்லி, ரெண்டையும் ஒத்துப் பாக்கப் போறாங்களாம்.

— நம்மட வாப்பா சீதனமாக் கட்டிக் குடுத்த வீட்டுல இரிந்துகொண்டு உன்ட புருசன் எனக்கு வழக்கு வைக்கிறாரோ?

— ஓம். ஒத்துப் போனா என்னையும் விட்டுட்டுப் போறாராம். ரெண்டு புள்ளையோட நான் என்னடா செய்ற?

— உம்மாக்கு இது தெரியுமா?

— ஒண்டும் தெரியா. சீலை வாங்க வாற ஆக்கள் எண்டு சொல்லி வச்சிருக்கன். சுபஹுத் தொழுகையோட தச்சு வேலை ஓடாவியக் கூப்பிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பலகை அடிச்சிட்டு, குசினிக்குள்ள போனவதான். மகன் வாறான், மகன் வாறான் எண்டு ஒரே அடுப்படி.

— கால் நோவு, நெய்யேலா எண்டு சொல்லச் சொல்லு.

— சொன்னன். 'எனக்கென்ன நோவு' எண்டு சிரிக்கா. அஸ்கி, நீ கொழும்புக்கே திரும்பிப் போ.

— எந்தக் கொழும்புக்கு? ரூமுல கூட இரிந்தவன் பாட்டு என்ட எண்டு அறிஞ்சிட்டான். என்ட கீபோர்டையும் பேக்கையும் வாசலுக்கு வெளிய தூக்கி வச்சிட்டான். அந்தப் பேக்தான் இப்ப என்ட மடியில இரிக்கு. எனக்குப் போறதுக்கு ஒரு இடமும் இல்ல ராத்தா. இந்த சீட் மட்டுந்தான்.

— அழாத. ஆக்கள் பாப்பாங்க.

— பாக்கட்டும். என்ட பாட்டத்தானே பாடிட்டு இரிக்காங்க.

— மருதமுனை! மருதமுனை இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க! தம்பி, நீங்க மருதமுனைக்குத்தானே டிக்கட் எடுத்த?

— இல்லண்ணே. நான்... மட்டக்களப்புக்குப் போறன். வேற டிக்கட் தாங்க.

— கண்டக்டர்தானே அது? நீ இறங்கல்லதானே? அல்ஹம்துலில்லாஹ். அஸ்கி, வந்துட்டாங்க. உம்மா தறியில குந்திட்டா. போன வைக்கட்டா?

— வைக்காத. கிட்டக் கொண்டு போ. என்ட மௌத்துச் செய்திய நானே கேக்கன்.

— கதவிடுக்கால புடிச்சிரிக்கன், சத்தம் வருதா?

— வருது. ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்டு, ரெண்டு... ராத்தா, இது நம்மட தறி இல்ல.

— விசரா உனக்கு? உம்மா என்ட கண்ணுக்கு முன்னால நெய்யிறா.

— நொண்டல்ல. நல்லாக் கேளு. நாலு தட்டும் ஒரே மாதிரி.

— ...ஓம். யா அல்லாஹ், ஓம். றஊப் மூணாந்தரம் பாட்டப் போட்டுப் பாக்கார். ஒத்துப் போகல்ல. மத்தவங்க அஸ்மியாவ ஏசுறாங்க. செருப்ப மாட்டிட்டாங்க. போறாங்கடா, றஊபும் அவங்களோட வாசல் படலையடிக்குப் போறார்.

— நாடாப்பெட்டியப் போய்ப் பாரு.

— புதுசு, ஓடாவி வந்தது கோழிக்கூட்டுக்கு இல்ல. சீவின தூள்கூட இன்னும் போகல்ல. உம்மா, வாப்பாட பெட்டி எங்க? உம்மா!

— என்ன சொல்றா?

— அடுப்பக் காட்டுறா.

— அடுப்பயா?

— சாம்பலுக்குள்ள ரெண்டு ஆணி கிடக்கு. அஸ்கி, பஸ் எங்க?

— பெரியநீலாவணை. ஊரத் தாண்டிட்டன் ராத்தா.

— பொறு, உம்மா போனப் பறிக்கிறா.

— மகன்.

— உம்மா... வாப்பாட பெட்டி...

— பாட்டு வந்த அண்டைக்கே தெரியும் மகன், என்ட தறிய எனக்குத் தெரியாதா? அதிலயே இறங்கி நடந்து வா, வாப்பாட பலகையில வெந்த சோறு, ஆறப் போகுது.