பாட்டில் ஒரு பிழை

டீ நன்றாக இருந்தது, மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அந்த ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். அவசரமில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் தங்கசாமி. எம்.ரெட்டியபட்டியில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். பரளச்சிப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேல முள். எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். தங்கசாமி ஒருவரைக் கை நீட்டி அடித்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியையும் அடித்ததில்லை.

என் மனைவி ஜெகதீஸ்வரி பரளச்சிக்காரி. வீட்டில் அவள் குரல் கேட்பதே அபூர்வம். கேட்டதற்கு ஒரு பதில், அதோடு சரி. ஆனால் எங்காவது ஒரு சாவு விழுந்தால் அவள் வேறு ஆள். அவள் ஒப்பாரி சொல்ல உட்கார்ந்துவிட்டால் மற்ற பெண்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்ப்பார்கள். பாளையம்பட்டியிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நானே பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமைதான்.

ஆண்களுக்கு ஒப்பாரி காதில் விழும், மேடம், மனசில் ஏறாது. நாங்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். உள்ளே பெண்கள் அழுகிறார்கள், அவ்வளவுதான் எங்களுக்கு. செத்தவரைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர்கள் தங்கள் கதையைச் சொல்லி அழுகிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. மாமியார் சோற்றை மறைத்தது, புருஷன் இன்னொரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது, எல்லாம் அந்த வட்டத்துக்குள் சொல்லப்படும். பிணம் எடுத்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

எங்களுக்கு மூத்தவள் ஜோதிகா. அவளுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தது. பெயர் வைப்பதற்குள் தவறிவிட்டது. பால் புரையேறிவிட்டது என்று சொன்னோம். ஊரில் யாரும் துருவிக் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரி அழவில்லை. நல்ல மனத்திடம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் என் பெரியம்மா குருவம்மாள் இறந்தார்கள். ஜெகதீஸ்வரிக்கு அத்தை முறை. நான் வீட்டு ஆள் என்பதால் கோடித்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மனைவி. அவள் பாடியதை அப்படியே சொல்கிறேன். எனக்கு இப்போது மனப்பாடம். ஏணை என்றால் எங்கள் பக்கம் சேலைத் தொட்டில்.

போற வழியிலதான் - அத்தை
பொன்னுமக நிப்பா பாருங்க
பால்வாடை போகலையே - அவளைப்
பக்கத்துல சேத்துக்கங்க
ஈரத்துண்டு போட்ட கதை - அத்தை
ஏணைக்குத்தான் தெரியுமுங்க
கண்டவ நான் இருந்தும் - இந்தக்
கல்லுவாய் திறக்கலையே

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மற்ற பெண்கள்தான் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் கோடித்துணியைப் போர்த்திவிட்டு வெளியே வந்தேன். பந்தலில் பேச்சு அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆணுக்கும் ஒன்றும் எட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கோபமாக இல்லை.

“என்ன பாடுன இன்னைக்கி?”

“செத்தவுகளுக்குப் பாடுனேன்.”

“துண்டுன்னு ஒண்ணு வந்துச்சே.”

“பாட்டுல எல்லாந்தான் வரும்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளைச் சாவு வீடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். உடம்பு சரியில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். ஆனால் பாட்டு அவளோடு வீட்டில் இருக்கவில்லை. பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் நிரையில் நின்று அதைப் பாடினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ராக்கம்மாள், எனக்கு மதினி முறை, மாவாட்டிக்கொண்டே முணுமுணுத்தார். நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்துவார். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்தபோது பெண்கள் கோயில் முன்னால் கும்மியடித்தார்கள். அன்றைக்கு ஜெகதீஸ்வரி பாடவில்லை. பாடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ராக்கம்மாள் பாடினார். ஜெகதீஸ்வரி சுற்றில் ஆடினாள். குனிந்து கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல், வெறும் கையை மடியில் சேர்த்து ஆட்டினாள். அடுத்த சுற்றில் கையை விரித்து, எதையோ மெதுவாக மூடுகிற மாதிரி இறக்கினாள். அதற்கடுத்த சுற்றில் எல்லாப் பெண்களும் அப்படியே செய்தார்கள். சின்னப் பிள்ளைகளும் செய்தன. என் ஜோதிகாவும் செய்தாள். ஆட்டம் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் செல்லில் படம்கூட எடுத்தார்.

அதன் பிறகு பெண்கள் என் கடைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். விதை வாங்க ஷேர் ஆட்டோ ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். சண்டையில்லை, வசவு இல்லை. வந்தால்தானே நான் பதில் சொல்ல முடியும்.

இந்தச் சமயத்தில்தான் யுவராணி என்று ஒரு பெண் வந்தார். கல்லூரியில் தமிழ் வாத்தியார். இந்தக் கரிசக்காட்டுப் பெண்கள் பாடுகிற பாட்டையெல்லாம் திரட்டிப் புத்தகம் போடுகிறாராம். நான் கலர் வாங்கிவந்து கொடுத்தேன். ஜெகதீஸ்வரி என் முன்னாலேயே பாடினாள். வெளியாள் எதிரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஈரத்துண்டு மழையைக் குறிக்கிறதோ என்று கேட்டார். பெய்யாமல் கழுத்தறுக்கிற வானத்தைப் பிள்ளையின் சாவோடு சேர்த்துச் சொல்கிறார்களோ என்றார். எனக்குப் பெரிய ஆறுதல். ஆமாம், இந்தப் பக்கம் மழையை அப்படித்தான் சொல்வோம் என்றேன்.

ஜெகதீஸ்வரி மட்டும், “மழை இல்லங்க. பிள்ளைக்கிப் பேரு வைக்கிறதுக்கு முந்துன நாளு” என்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலரைக் குடிக்காமலே வைத்துவிட்டு, அடுத்த வாரம் டவுனுக்கு வரச் சொல்லுங்கள், முழுசாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிப் போனார்.

மேடம், என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நான் அவளை வெட்டவில்லை, விரட்டவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பினால் பரளச்சியிலும் பாடுவாள். எனக்கு வேண்டியது அவள் சாவு இல்லை. குரல் போனால் போதும். வாய் பேசாத பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றுகிறவன் என்று ஊரிலும் நல்ல பெயர் கிடைக்கும். கடைசிவரை காப்பாற்றியிருப்பேன்.

ஜோதிகா பள்ளிக்கூடம் போயிருந்தாள். டவுனுக்குப் போவதற்கு முன்னால் தொண்டைக்கு நல்லது என்று கஷாயம் போட்டுக் கொடுத்தேன். பருத்திக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் சேர்த்திருந்தேன். தொண்டையைப் பொசுக்குகிற அளவுக்குத்தான். கடைக்காரன் பெண்டாட்டிக்கு வாசனை தெரியாமல் இருக்குமா? முகர்ந்ததும் டம்ளரைத் தள்ளினாள்.

“இதையும் பாடிருவேன்னு பயமா?” என்று கேட்டாள்.

அவள் என்னிடம் பேசியதில் அதுதான் கடைசி. தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டியதாகிவிட்டது. அப்போதும் நான் அடிக்கவில்லை. காயம் இருந்தால் அது அவள் திமிறியதில் பட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். குரல் போய்விட்டது, அந்த மட்டில் என் கணக்கு சரி. மீதி உடம்பு தாங்காது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளாகக் குடித்துவிட்டாள் என்று சொன்னேன். எங்கள் பக்கம் அது நடக்காத காரியமா, எல்லோரும் நம்பினார்கள். அவள் அண்ணன் மாரிக்கண்ணன்கூட என் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

அவள் சாவுக்குக் கூடியது போல எங்கள் ஊரில் பெண்கள் கூடி நான் பார்த்ததில்லை. முதலில் சத்தமே இல்லை. யார் பாடுவது என்று எனக்கும் யோசனையாக இருந்தது. பிறகு ராக்கம்மாள் தொடங்கினார். அதே பாட்டு. அப்புறம் எல்லாரும் சேர்ந்தார்கள். புதிதாகக் கஷாயம் வந்தது, தாடையைப் பிடித்த கை வந்தது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அவளைக் குளிப்பாட்டியவர்கள் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்திருக்கலாம். கடைசி வரியில் என் பெயரும் வந்தது. பந்தலில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாரிக்கண்ணன் எழுந்து உள்ளே போய், ஜோதிகாவைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நீங்கள் கேட்டீர்கள், யாரும் புகார் எழுதித் தரவில்லையே, நீயாக ஏன் வந்தாய் என்று.

நேற்று யுவராணி போன் பண்ணினார். ராக்கம்மாளிடம் பாட்டைப் பதிவு செய்துவிட்டேன், புத்தகத்தில் போடப்போகிறேன், முழுசாக, உங்கள் பெயரோடு என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சில் ஏறிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, மேடம். ஜோதிகா பெரியவளாகி அதைத்தான் படிப்பாள். இப்போதே பரளச்சியில் அதைப் பாடிக்கொண்டு திரிகிறாளாம். அவளுக்காகத்தான் நான் அதைச் செய்தேன். உள்ள நிலம் அவளுக்கே முழுசாகப் போகட்டும், பங்குக்கு ஒருத்தி வேண்டாம் என்றுதான். அப்படிப்பட்ட தகப்பனைப் பற்றி அவள் தப்பாகப் படிக்கக் கூடாது.

கஷாயம் உண்மை. தாடையைப் பிடித்ததும் உண்மை. பிள்ளையின் முகத்தில் துண்டைப் போட்டு அழுத்தியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈரத்துண்டு என்று பாடுகிறார்களே, அது மட்டும் பொய். ஜெகதீஸ்வரி கொல்லையிலிருந்து ஓடிவந்து பிடுங்கியபோது அவள் கையில் இருந்த தண்ணீர்தான் பட்டு நனைந்தது. நான் எடுத்தது வெயிலில் காய்ந்த துண்டு. கொடியில் தடவித் தடவிப் பார்த்து எடுத்தேன்.

பச்சைப் பிள்ளை, மேடம். ஈரம் பட்டால் சளி பிடித்துக்கொள்ளும்.